விசிறி வடிவில் ஒரு செம்புப் பட்டை

கிணத்துக்கடவு பொன்மலை மேலிருந்து பார்த்தால் மொட்டை மாடிதோறும் டிடிஎச் டிஷ் தெரியும். அதே வீடுகள் சிலவற்றின் பரணில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவும் கிடக்கும். இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேடியோ அதிர்வெண்ணுக்கும் மைக்ரோவேவுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ரேடியோவுக்குள் ஃபெரைட் ராடில் சுற்றிய காயில், கேங் கண்டென்சர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு. கோவை வானொலியின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 300 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு அந்த போர்டே ஒரு புள்ளி. ஒயர் ஓர் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

டிஷ் முனையிலுள்ள எல்.என்.பி. என்னும் பெட்டியில் வந்து விழுவதோ 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலை. நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதற்குள் இருக்கும் போர்டின் செம்புக் கோட்டில் ஓடும்போது இன்னும் சுருங்கும். அங்கே கோட்டின் நீளமும் அகலமும்தான் உறுப்பு. ஒன்றையொன்று தொடாமல் அருகருகே கிடக்கும் செம்புக் கோடுகளே ஃபில்டர்.

எனக்கு மிகப் பிடித்தது அந்த விசிறி. டிரான்சிஸ்டருக்கு டி.சி. கொண்டுவரும் மெல்லிய கோட்டின் ஓரத்தில் சின்னதாக விரிந்திருக்கும் செம்புப் பட்டை அது. அதன் விளிம்பு எதனோடும் சேராது. மீட்டர் வைத்தால் எர்த் காட்டாது. ஆனால் 12 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அதன் அடிப்பகுதிதான் எர்த்! விளிம்புக்குக் கால் அலைநீளம் போய், கால் அலைநீளம் திரும்பி வரும் அலை, எதிர்முகமாகச் சேர்ந்து அங்கே மின்னழுத்தத்தை அழித்துவிடுகிறது. டி.சி. தடையின்றி வரும், சிக்னல் சப்ளைப் பக்கம் கசியாது. விசிறியாக விரித்ததால், நேரான பட்டையைவிட அகலமான அலைவரிசைக்கு இது வேலை செய்கிறது. ஒரு வடிவத்தை வெட்டி வைத்தே சாதித்த நுட்பம்!

300 மெகாஹெர்ட்ஸ் முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை மைக்ரோவேவ் என்பார்கள்; 1 கிகாஹெர்ட்ஸில் தொடங்குவோரும் உண்டு. மைக்ரோவேவும் ரேடியோ அலைகளில் ஒரு பகுதியே. சர்க்யூட்டின் அளவுக்கு அலை சுருங்கிவிடும் இடத்தையே எல்லையாகக் கொள்வது கைவேலைக்குப் பொருந்தும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மழை கொட்டித் தீர்க்கும்போது டிவி படம் கட்டம் கட்டமாக உடையும். ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். இரண்டரை சென்டிமீட்டர் அலையை மழைத்துளி உறிஞ்சிச் சிதறடிக்கும். 300 மீட்டர் அலையை அது ஒன்றும் செய்யாது.

பழுதான எல்.என்.பி.யைப் பழைய இரும்புக் கடையில் போடுமுன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளிடம் ஒருமுறை திறந்து காட்டுங்கள்.