கணினி விளையாட்டும் உவகையும்

உவகை என்னும் மெய்ப்பாடு பிறப்பதற்குரிய நிலைக்களங்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர், செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் சேர்த்து எண்ணினார். அவ்வுவகை அல்லல் நீங்கியதாக இருத்தல் வேண்டும் என்பதும் அவர்தம் கருத்து. விளையாட்டைச் சிறுவர்தம் வீண்பொழுது எனத் தள்ளாமல், மனித உணர்வின் ஊற்றுகளுள் ஒன்றாக மதித்தது தமிழ் மரபு. ஆயினும், இன்று மாணவர் கையிலுள்ள கணினி விளையாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களோடு முடிந்துவிடுகிறது. 'காலக்கேடு' என்பர் பெரியோர். 'பிடித்திருக்கிறது' என்பர் இளையோர். இவை தீர்ப்புகளேயன்றித் திறனாய்வு ஆகா.

சுவை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பது உண்மையே. கதை கூறும் விளையாட்டை ஒருவர் விரும்புவர். போட்டியை மற்றொருவர் நாடுவர். புதிரை அவிழ்ப்பதில் வேறொருவர் மகிழ்வர். இலக்கியத்திலும் காப்பியத்தை விரும்புவோரும் தனிப்பாடலை விரும்புவோரும் உளர். அதனால் ஒரு பாடல் ஏன் இன்பம் பயக்கிறது என்னும் ஆராய்ச்சி வீணாகிவிடுவதில்லை. விளையாட்டுக்கும் இது பொருந்தும். கதையும் ஒப்பனையும் இல்லாத ஒரு விளையாட்டை எடுத்து ஆராய்ந்தால், இன்பத்தின் வேர் எளிதில் புலப்படும். அத்தகையது டெட்ரிஸ்.

மாஸ்கோவில் சோவியத் அறிவியற் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னொவ் 1984ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய எலக்ட்ரோனிகா 60 என்னும் கணினி படம் வரையும் ஆற்றலற்றது. ஆகவே அடைப்புக்குறிகளையே கட்டங்களாகக் காட்டினார். ஐந்து சதுரங்களால் ஆன பன்னிரண்டு வடிவங்களைக் கொண்ட பழைய புதிர் ஒன்றே அவருக்குத் தூண்டுதல். அவர் சதுரங்களை நான்காக்க, வடிவங்கள் ஏழாயின. அவை ஒவ்வொன்றாய் மேலிருந்து இறங்கும். ஆடுவோர் அவற்றைத் திருப்பலாம், இடம் பெயர்க்கலாம். ஒரு வரிசை நிறைந்தால் அது மறையும். இடைவெளி விட்டால் அடுக்கு உயரும். அடுக்கு உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடியும். 1989ஆம் ஆண்டு கேம் பாய் என்னும் கைக்கருவியோடு இணைத்து விற்கப்பட்டபோது, இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது.

இதன் இன்பத்திற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, விதியின் தெளிவு. கற்பிப்பார் இன்றியே சில நொடிகளில் விளங்கிவிடும். இரண்டாவது, திறனோடு சேர்ந்து வளரும் கடினம். கை பழகப் பழக வடிவங்கள் விரைந்து இறங்குகின்றன. பணி திறனுக்குக் குறைந்தால் சலிப்பும், மிகுந்தால் அச்சமும் தோன்றும். இரண்டும் ஒத்து நிற்குமிடத்திலேயே உள்ளம் ஒன்றும் என உளவியலறிஞர் சிக்சென்ட்மிகாயி 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். மூன்றாவது, விளைவு ஆடுவோர் கையில் இருத்தல். எந்த வடிவம் வரும் என்பது அவர் வசத்தில் இல்லை. எங்கே வைப்பது என்பது முற்றும் அவர் வசமே. தளை தவறாமல் வெண்பா யாக்கும் புலவன் கட்டுப்பாட்டினுள்ளேயே தன் உரிமையைக் காண்பதை இஃது ஒக்கும்.

டெட்ரிஸில் நிலையான வெற்றி என ஒன்றில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் பதின்மூன்று வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் இதன் பழைய நிண்டெண்டோ பதிப்பை ஆடியபோது, மேற்செல்ல இயலாமல் ஆட்டமே உறைந்து நின்றது. அதுவரை ஆடியோர் அனைவரும் தோற்றே எழுந்தனர், ஆயினும் மகிழ்ந்தனர். எனவே இன்பம் பரிசில் இல்லை. ஒழுங்கின்மையைத் தன் கையால் ஒழுங்காக்கும் முயற்சியில் உள்ளது என்பது தெளிவு.

குறையும் கூறத்தான் வேண்டும். இவ்விளையாட்டில் மனிதர் இல்லை. அழுகையோ பெருமிதமோ இதனால் பிறப்பதில்லை. முடிவு என ஒன்று அமையாததால், 'இன்னும் ஒரு முறை' என்னும் ஆசை எளிதில் அடங்குவதும் இல்லை.

ஆயினும், இதனினும் பெரிய கேடு வேறிடத்தில் உள்ளது. காசு கொடுத்து, உள்ளே இருப்பது யாதெனத் தெரியாத பெட்டியைத் திறக்கச் செய்யும் விளையாட்டுகள் பெருகியுள்ளன. அவற்றுள் சிலவற்றில் உள்ள இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018ஆம் ஆண்டு முடிவு செய்தது. இங்கே மூன்றாவது காரணம் முறிந்துவிடுகிறது. விளைவு திறனை விட்டுப் பணப்பைக்கும் தற்செயலுக்கும் கைமாறுகிறது. அல்லல் நீங்கிய உவகை என்னும் இலக்கணமும் உடன் அழிகிறது.

ஆகவே, விளையாட்டு அனைத்தையும் ஒரே தராசில் இட்டு ஒதுக்குவது ஆசிரியர்க்கு அழகன்று. 'இஃது ஏன் இனிக்கிறது? தோல்வி உன் கையாலா, பிறர் சூழ்ச்சியாலா? நிறுத்த நினைத்தால் உன்னால் நிறுத்த முடிகிறதா?' என வினவப் பழக்குதல் வேண்டும். அவ்வாறு வினவக் கற்ற மாணவன் நல்ல விளையாட்டையும் அறிவான். நல்ல நூலையும் அறிவான்.