பெர்ரி பாலர் பள்ளியும் அந்த 7 டாலரும்

ஏழைக் குழந்தைகளின் பாலர் கல்வி பற்றி யார் பேசினாலும் மூன்றாவது ஸ்லைடில் பெர்ரி பள்ளி வந்துவிடும்: 1 டாலர் போட்டா 7 டாலர் திரும்ப வரும். பிள்ளைகளின் 27 வயது வரை பின்தொடர்ந்து போட்ட கணக்கு அது. சரி, அந்த 1 டாலரை எதில் போட்டார்கள்?

1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், இப்சிலாண்டி நகரில் டேவிட் வைகார்ட் தொடங்கியது. மொத்தமே 123 பேர்தான், எல்லாரும் ஏழைக் கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகள். 58 பேருக்குப் பள்ளி, 65 பேர் ஒப்பிட்டுப் பார்க்க. காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. அதோடு வாரம் ஒருமுறை டீச்சரே வீட்டுக்குப் போய், அம்மாவோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். ஸ்லைடில் முதலில் காணாமல் போவது இதுதான். வகுப்பால் எவ்வளவு பலன், வீட்டுக்குப் போனதால் எவ்வளவு என்று பிரிக்க இந்தச் சோதனையில் வழியே கிடையாது. இரண்டும் சேர்ந்தே நடந்தது. வகுப்பை மட்டும் நகலெடுத்துட்டு அதே 7 டாலரைக் கேட்பது, பாதி புரோகிராமை ஓட்டிட்டு முழு அவுட்புட்டைக் கேட்கிற கதை.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. குலுக்கலில் பள்ளிக்குத் தேர்வான சில பிள்ளைகளை, அம்மா வேலைக்குப் போகிறவர் என்பதால் ஒப்பீட்டுக் குழுவுக்கு மாற்றினார்கள். பகலில் டீச்சர் வந்தால் வீட்டில் ஆளில்லையே. ஹெக்மன் குழு பின்னால் இதையெல்லாம் புள்ளியியலில் சரிக்கட்டி, ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் பலன் என்றது. கணக்கு சரியாச்சு. ஷிப்டுக்குப் போகும் அம்மாவின் வீட்டுக்கு டீச்சர் எப்போது வருவார், சாயங்காலமா, ஞாயிற்றுக்கிழமையா? அதற்குக் கூலி யார் கொடுப்பார்கள்? ஸ்லைடு போடுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்.