பாத்தியின் அடிமண்

மரக்காணம் உப்பளங்களின் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்துகிறவர்கள் உப்புக் குவியலைத்தான் படம் எடுக்கிறார்கள். என் கண் போவது குவியலுக்குக் கீழே இருக்கும் தரைக்கு.

மழைத்தண்ணீர் வடிந்ததும் பாத்தியின் ஈரக்களியைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மணல் மிகுந்தால் உவர்நீர் கீழே இறங்கிவிடும். களியின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தட்டு வடிவம் கொண்டது. மிதிபட்ட தட்டுகள் படுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, தண்ணீருக்கு வழி மறிக்கின்றன. பொறியாளர் யாரும் வரைந்து கொடுக்காத வேலைப்பாடு!

சேறு படிந்து கிடக்கும் பழைய நீர்த்தேக்கப் பாத்திகளில் இன்னொரு நயம் உண்டு. ஒரு கத்திக் கீறல் போதும். மேலே நீலப்பச்சைப் பாசி, அதன் கீழே ஊதா நிற நுண்ணுயிர், அடியில் கரிய சேறு. வெளிச்சமும் பிராணவாயுவும் குறையக் குறைய நிறம் மாறுகிறது. அந்தக் கருமை இரும்பு சல்பைடு. மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை வாடை, சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியா விடும் வாயு.

உப்பளத்துக்காரர் விரும்பும் களித்துகளின் இதே நுண்மையைத்தான் மாசு தேடும் ஆய்வாளரும் விரும்புகிறார். களிகளிலேயே அதிகப் பரப்புள்ள மான்ட்மோரிலோனைட்டில் ஒரு கிராமுக்கு சுமார் 700 சதுர மீட்டர் பரப்பு உண்டு; நம் கணக்கில் ஏறக்குறைய மூன்று கிரவுண்டு மனை. ஈயமும் துத்தநாகமும் ஒட்டிக்கொள்ள இடத்துக்கா பஞ்சம்?

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அதன் நீர் கடலுக்குப் போகும் இந்தக் கழிமுகப் பக்கத்தில் ஓரிடம் மணல், ஓரிடம் களி. களியில் ஈயம் அதிகம் என்பதாலேயே அங்கே மாசு என்று சொல்லிவிட முடியாது. அதனால் 0.063 மில்லிமீட்டர் சல்லடையில் மணலைக் கழிக்கிறார்கள். பிறகு ஈயத்தை அலுமினியத்தால் வகுக்கிறார்கள். அலுமினியம் களியின் உடம்பிலேயே இருப்பது. அதோடு கூடவே ஈயமும் ஏறினால் மண்ணின் இயல்பு. ஈயம் மட்டும் தனித்து ஏறினால் வெளியிலிருந்து வந்த சரக்கு. ஒரு வகுத்தலில் இத்தனை நியாயம்! விலையுயர்ந்த கருவிகளை விட இதுவே என்னை அதிகம் மயக்குகிறது.

ஆய்வுக்காகக் குழாயை இறக்கி எடுத்த சேற்றுத்தண்டை நறுக்கப் பிளாஸ்டிக் கத்தி. இரும்புக் கத்தியே உலோகக் கணக்கைக் கெடுத்துவிடும். குழாயின் சுவரில் உரசிய விளிம்பைச் செதுக்கி எறிந்துவிடுவார்கள். கரிய துண்டை மட்டும் நைட்ரஜன் நிரப்பிய பையில் அடைக்க வேண்டும். காற்றுப் பட்டால் அது பழுப்பேறும்; சல்பைடு பிடித்து வைத்திருந்த உலோகம் நழுவத் தொடங்கும். கால்வாயைத் தூர்வாரி, சேற்றைக் கரையில் வெயிலுக்குக் கொட்டும்போதும் நடப்பது இதுவே.