பசிக்காத பணியாள்: ஒரு கணினி விளையாட்டை வாசித்தல்

கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், “வேற வேலை இல்லையா தோழர்?” என்று கேட்டார். சினிமாவை, பாடநூலை, தேர்தல் சுவரொட்டியைப் பிரதியாக வைத்து வாசிக்கப் பழகிவிட்ட நாம், பிள்ளைகள் ராத்திரி ஒரு மணிவரை கண் விழித்து ஆடுகிற ஒன்றை மட்டும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். நாவலில் வருகிற முதலாளியின் பார்வையை வாசகன் ஏற்கலாம், மறுக்கலாம். நான் பேசப்போகும் விளையாட்டில் முதலாளியாக நடந்துகொண்டால்தான் ஆட்டமே நகரும். அதனால்தான் இதை வாசிக்க வேண்டியிருக்கிறது.

‘தி சிம்ஸ்’ 2000இல் வெளிவந்தது. வடிவமைத்தவர் வில் ரைட் என்கிற அமெரிக்கர். 1991இல் ஓக்லாந்து தீயில் அவருடைய வீடு எரிந்துபோனது. இழந்த வாழ்க்கையைப் பொருள் பொருளாகத் திரும்பச் சேர்த்த அனுபவத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது. முதலில் வீடு கட்டும் விளையாட்டாகத்தான் நினைத்திருக்கிறார். கட்டிய வீடு எப்படி என்று மதிப்பிட மனிதர்களை உள்ளே விட்டார். பிறகு மனிதர்களே விளையாட்டாகிவிட்டார்கள். அவர்களுக்குப் பசி, தூக்கம், சுத்தம், பேச்சுத்துணை என்று தேவைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு பட்டை. பட்டை இறங்கினால் ஆள் வாடிப்போவான். 2013இல் வந்த ‘சிம்ஸ் 3: ஐலண்ட் பாரடைஸ்’ என்ற தொகுப்பில் நீங்கள் தீவில் ஒரு உல்லாச விடுதியை நடத்தலாம்.

வெலிங்டனில் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஆடி மாதத்தில் அக்கா மகன் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தான். வரவேற்பு மேசை வேண்டும். அறைகள் கொண்ட கட்டடம், நீச்சல்குளம், பஃபே மேசை வேண்டும். சாப்பாட்டின் தரத்தை உயர்த்த வேண்டும். பணியாளருக்குச் சீருடை பார்த்துக் கொடுக்க வேண்டும். தங்கிப்போகிறவர்கள் விமர்சனம் சொல்வார்கள். அதை வைத்து நட்சத்திரம் ஏறும், இறங்கும். ஐந்துதான் உச்சம். குறைகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து இரண்டு வாரத்தில் ஐந்தைத் தொட்டேன். சிமோலியன் என்கிற அந்த உலகத்துக் காசு வந்து குவிந்தது. உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே இருந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, சீருடையோடு தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணைக் காட்டிக் கேட்டாள்: “இந்தப் பொண்ணு எங்கடா போய் சோறு திங்கும்?”

என்னிடம் பதில் இல்லை. பசிக்கு ஒரு பட்டை வரைந்து காட்டியதுதான் இந்த விளையாட்டின் பெரிய சாதனை. ஆனால் அந்தப் பட்டை நான் ஆளும் குடும்பத்துக்கு மட்டும்தான் திரையில் வரும். துடைக்கிறவளுக்கு வராது. ஊரில் அவளுக்கு வீடும் கிடையாது. வேலைக்கு வருவாள், முடிந்ததும் காணாமல் போவாள். வீடு இழந்தவர் ஒருவர் தொடங்கிய விளையாட்டு, வீடே இல்லாத ஒரு வேலைக்கார வர்க்கத்தைச் சத்தமில்லாமல் உண்டாக்கி வைத்திருக்கிறது. ஒரு பிரதி எதைச் சொல்லாமல் விடுகிறதோ அங்கேதான் அதன் கருத்தியலைத் தேட வேண்டும் என்றார் பியர் மஷெரே. அந்தப் பெண்ணின் பசி இந்தப் பிரதியின் மௌனம்.

இன்னொரு மௌனமும் உண்டு. அந்தத் தீவுக்கூட்டத்தில் வரைபடத்தில் இல்லாத தீவுகள் இருக்கின்றன. கண்டுபிடித்தால் தீவு உங்களுக்கே சொந்தம். இதைப் படிக்கும்போது நீலகிரிக்காரனுக்குச் சிரிப்பு வரும். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்ததை இன்னமும் ‘கண்டுபிடித்தார்’ என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் எல்லோரும் அதற்கு முன்பே இங்கே இருந்தவர்கள். 1822இல் உதகையில் அவர் வீடு கட்டினார், பிறகு ஏரி வெட்டப்பட்டது. ஜக்கதளா என்ற படகர் ஊரை ஒட்டி வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பாசறை எழுந்தது. அதற்கு ஒரு பிரிட்டிஷ் தளபதியின் பெயரை வைத்தார்கள். நான் குடியிருக்கும் வெலிங்டன் அதுதான். மலை ‘காலியாக’ இருந்தது என்கிற கதையாடல் இல்லாமல் இங்கே ஓய்விடம் என்ற ஒன்று உருவாகியிருக்காது. விளையாட்டை எழுதியவர்கள் நீலகிரியை அறிந்திருக்கத் தேவையில்லை. காலனியம் உலகம் பூராவும் இதே இலக்கணத்தைத்தான் விட்டுப்போயிருக்கிறது.

அம்மா சும்மா கேட்கவில்லை. 1964இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் ‘தாயகம் திரும்பிய’ குடும்பம் எங்களுடையது. குழந்தையாகத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, மலைக்கு வந்தவள். இப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னால் அது டான்டீ ஆனது. அம்மா இன்னமும் ‘லயம்’ என்பாள். இங்கே அது ‘லைன் வீடு’. இடுப்பு வலியால் கொழுந்து பறிப்பதை விட்டு, குன்னூர்ப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் பதினோரு வருஷம் அறை கூட்டினாள். மதியச் சோற்றுத் தூக்கைத் திறக்க அங்கே இடம் கிடையாது. துணி காயப்போடும் கொட்டகையில் நின்றபடியே சாப்பிடுவார்கள். குளியலறையில் முடி கிடந்தது என்று விருந்தினர் ஒருவர் எழுதிவிட்டதற்காக ஒருநாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். நட்சத்திரம் குறைந்தால் யார் வயிற்றில் குறையும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தத் தணிக்கை விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை. மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு 2018இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள். வழித்தடம் பற்றிய 2010ஆம் ஆண்டு அரசு அறிவிக்கையை 2020 அக்டோபர் 14இல் நீதிமன்றம் உறுதி செய்தது. யானையின் பக்கம் நின்ற அந்தத் தீர்ப்பை நானும் வரவேற்றேன். ஆனால் அப்போது நான் வாசித்ததிலெல்லாம் இருந்தவர்கள் இரண்டு பேர்தான்: யானை, விடுதி முதலாளி. பூட்டிய அறைகளைக் கூட்டியவர்கள் மறுநாள் எங்கே போனார்கள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ–பாஸ் வேண்டும் என்றாயிற்று. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. மலை எவ்வளவு தாங்கும் என்று வண்டியை எண்ணுகிறோம். அத்தனை வண்டிக்கும் படுக்கை விரிக்கிற முதுகு எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கணக்கு கிடையாது.

“அது வெறும் விளையாட்டு, அதுல போய் வர்க்கத்தைத் தேடுறீரே” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு பொய் சொல்கிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. விடுதி முதலாளியின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறதோ அதை அப்படியே காட்டுகிறது. என் வருத்தம் நம் எழுத்தின்மேல். தேயிலைக் கூலிக்குப் புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி டாக்டர் டேனியல் 1969இல் எழுதிய நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கும் வந்துவிட்டது. விடுதி அறை கூட்டுகிறவளுக்கு அப்படியொரு நூலை நான் இன்னும் கையில் எடுத்ததில்லை. அறுபது வருஷத்தில் கொழுந்துக் கூடையிலிருந்து துடைப்பத்துக்கு மாறிய கைகளை நாமும் பின்னணிப் பாத்திரமாகத்தான் விட்டுவைத்திருக்கிறோம்.

கடைசியாக, அம்மாவின் பெயரில் ஒரு பெண்ணை விளையாட்டில் உருவாக்கி, வேலைப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். கடலில் முழுகுகிறவரைக் காப்பாற்றும் வேலை இருந்தது. அறை கூட்டும் வேலை இல்லை. அதனால் அவளை விருந்தாளியாக்கி பஃபே மேசைக்கு அனுப்பினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நான் சாப்பிடுறது இருக்கட்டும். அவளையும் கூப்பிடு.”

அவளுக்குக் கட்டளையிடும் பொத்தான் என்னிடம் இல்லை.