தொடுதலே விதியான ஆட்டம்

திரைப்படத்தைப் பற்றித் திருச்சபை இதழில் எழுதலாமா என்று வினவும் அன்பர்கள் இன்றும் உண்டு. சமூகத் தொடர்புச் சாதனங்களைக் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே தனி ஆணையொன்றை வெளியிட்டது. அதன் பின்னரும் நாம் வெள்ளித்திரையைக் கண்டு முகத்தைத் திருப்பிக் கொள்வது பொருந்தாது. அதிலும், நம் ஆற்றங்கரை மக்களின் கண்ணீரும் குருதியும் பேசப்படும் ஒரு படத்தைப் பாராமல் விடுவது ஒருவகைப் பொறுப்பின்மையே ஆகும்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று மாரி செல்வராஜின் ‘பைசன் காளமாடன்’ வெளிவந்தது. ‘பரியேறும் பெருமாள்’ (2018), ‘கர்ணன்’ (2021), ‘வாழை’ (2024) ஆகிய படங்களால் தாமிரபரணிப் படுகையின் வாழ்வைத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர் அவர். இம்முறை ஒரு கபடி வீரரின் வாழ்வைத் தழுவிக் கதை புனைந்துள்ளார். ஏரலுக்குத் தொலைவில் அல்லாத மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்த கணேசனே அவ்வீரர். 1994ஆம் ஆண்டு ஜப்பானின் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அவர் இடம்பெற்றார். 1995ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவரைத் தேடி வந்தது. திரையில் மணத்தி வனத்தியாகவும் கணேசன் கிட்டானாகவும் மாறியுள்ளனர். ஆகவே இது வரலாறு அன்று, வரலாற்றின் மேல் எழுப்பிய புனைவு. அந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தியே நாம் படத்தை மதிப்பிட வேண்டும்.

அந்தக் காலம் எத்தகையது என்பதை நம் பகுதியின் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். விருதுக்குரிய அதே 1995ஆம் ஆண்டின் ஆகஸ்டு 31 அன்றுதான், தூத்துக்குடி மாவட்டத்துக் கொடியன்குளத்தில் காவல்துறையினர் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் சூறையாடினர். ஓர் ஊர்க்காரன் மற்றோர் ஊர் வழியே பேருந்தில் செல்ல அஞ்சிய ஆண்டுகள் அவை. பகையின் நிலத்தில் பிறந்த ஓர் இளைஞன், அணுகுண்டால் அழிந்து மீண்டும் எழுந்த ஒரு நகரத்தில் தங்கப் பதக்கம் பெற்றான் என்பதில் இறைவனின் திருவுளத்தைக் காண்பது மிகையாகாது.

படத்தின் முதற் சிறப்பு, அது கபடியைப் புரிந்துகொண்டிருக்கும் விதம். பாடிச் செல்பவன் ஒரே மூச்சில் எதிரணியின் எல்லைக்குள் தனியனாக நுழைகிறான். தொட வேண்டும், மூச்சு அறுபடாமல் தன் எல்லைக்குத் திரும்ப வேண்டும். எதிரணியினரோ அவனைக் கட்டிப் பிடித்து மண்ணில் புரட்டுகின்றனர். யாருடைய வியர்வை யார்மேல் படுகிறது என்று அவ்வேளையில் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. நிழல் பட்டாலும் தீட்டு என்று பேசிய ஒரு சமுதாயத்தில், தொடுதலையே விதியாகக் கொண்ட ஆட்டம் தழைத்திருப்பது வியப்புக்குரியது. எனினும் ஆட்டம் முடிந்து கோட்டைத் தாண்டியதும், தொட்ட கையும் தொடப்பட்ட தோளும் மீண்டும் தத்தம் தெருக்களுக்குத் திரும்பிவிடுகின்றன. ஆடுகளத்துக்குள் கிடைக்கும் சமத்துவம் ஏன் வெளியே வர மறுக்கிறது? இந்தக் கேள்வியைப் படம் முழுவதும் சுமந்து செல்கிறார் இயக்குநர். நம் ஆண்டவர் தொழுநோயாளரைக் குணப்படுத்தியபோது, சொல்லோடு நிறுத்தாமல் கை நீட்டித் தொட்டார் என்று மாற்கு நற்செய்தியாளர் குறிப்பது ஏன் என்பதும் இங்கே விளங்குகிறது.

இரண்டாம் சிறப்பு, தந்தையின் பாத்திரம். மகன் விளையாடக் கூடாது என்று தடுக்கும் தந்தையைக் கொடுமைக்காரனாகக் காட்டுவது எளிது. பசுபதி ஏற்றிருக்கும் தந்தையோ அன்பினாலேயே தடுக்கிறார். மகன் பெயர் பெற்றால் பகைவரின் கண்ணில் படுவான், கண்ணில் பட்டால் உயிரோடு இரான் என்பதே அவருடைய அச்சம். அவருடைய மௌனமும் கூனிய தோள்களும் பல பக்க வசனத்தை விட மிகுதியாகப் பேசுகின்றன. ரஜிஷா விஜயனின் தமக்கைப் பாத்திரமும், மாணவனின் திறமையை முதலில் இனங்காணும் உடற்பயிற்சி ஆசிரியரும் நெஞ்சில் நிற்கின்றனர்.

மூன்றாவதாக, மோதிக்கொள்ளும் இரு தரப்புத் தலைவர்களையும் படம் அரக்கர்களாகத் தீட்டவில்லை. எதிர்த்தரப்புத் தலைவரே கிட்டானின் ஆட்டத்தை மதித்துத் தம் அணியில் சேர்த்துக்கொள்கிறார். பகை தனிமனிதரை விடப் பெரியதாகிவிட்டது என்பதையும், அதைத் தொடங்கியவர்களாலேயே நிறுத்த இயலவில்லை என்பதையும் படம் உணர்த்துகிறது. பிறப்புநிலைப் பாவம் பற்றி மறைக்கல்வி வகுப்பில் நாம் விளக்க முயல்வதும் ஏறத்தாழ இதுவே. நாம் செய்யாத ஒன்றுக்குள் நாம் பிறக்கிறோம், பின்னர் நாமும் அதற்குக் கை கொடுக்கிறோம்.

குறைகளும் உண்டு. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் நீளும் படத்தில் வெட்டும் குத்தும் அளவுக்கு மேல் இடம்பெறுகின்றன. வன்முறையை வெறுக்கச் செய்ய வேண்டிய காட்சிகள், சில இடங்களில் அதன் வேகத்தை நாம் சுவைக்கும்படி அமைந்துவிட்டன. காதல் பகுதியும் கதையோடு முழுமையாக ஒட்டவில்லை.

ஆனால் நம் முதன்மையான மறுப்பு வேறு. வெற்றியே மனித மாண்பின் சான்று என்னும் எண்ணத்தைப் படம், விரும்பியோ விரும்பாமலோ, நம்முள் விட்டுச் செல்கிறது. கிட்டான் வென்றதால் உலகம் அவனைத் தலைநிமிர்ந்து பார்க்கிறது. வெல்லாதிருந்தால்? அவனோடு அதே செம்மண்ணில் பாடிச் சென்று, முழங்கால் முறிந்து, வாழைத்தார் சுமக்கத் திரும்பிய மற்றவர்களின் மாண்புக்குச் சான்று எது? கொரிந்து நகர மக்கள் பந்தயங்களை நன்கறிந்தவர்கள். ஆதலால்தான் புனித பவுல் அடிகளார் அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9ஆம் அதிகாரத்தில் ஓட்டப்பந்தயத்தை உவமையாக்கி, அங்கே சூட்டப்படும் வெற்றி வாகை வாடிப்போவதை நினைவூட்டினார். கடவுளின் சாயல் மனிதனுக்குப் பரிசாகக் கிடைப்பதன்று. அது அவன் கருவில் உருவாகும்போதே அருளப்பட்டது.

படம் வெற்றியில் முடிகிறது, வாழ்வோ அங்கே முடிவதில்லை. பதக்கம் பெற்றவரின் பிற்கால வாழ்வே நம் சிந்தனைக்கு உரியது. தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதன் 40 வயதைக் கடந்தபின் 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அவர் விதிவிலக்கு. பெரும்பாலோர்க்கு முப்பதைத் தாண்டியதும் தோளும் முழங்காலும் விடைகொடுத்துவிடும். 2014இல் புரோ கபடிப் போட்டி தொடங்கும்வரை இவ்வாட்டத்தில் பெரும்பணமும் இருந்ததில்லை. இரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலை கிடைத்தால் அதுவே பெரும்பேறு.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. கபடியைப் போலவே ஓடுபவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்தும் ஆட்டம் ரக்பி. வட இங்கிலாந்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள் அதை ஆடினார்கள். ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுசெய்யக் கூடாது என்று மேட்டுக்குடியினரின் சங்கம் மறுத்ததால், 1895ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரில் கூடிய அணிகள் பிரிந்து சென்றன. அவ்வாறு பிறந்ததே ‘ரக்பி லீக்’. உழைப்பவனின் உடலுக்கு விலை உண்டு என்னும் நீதியின் குரல் அது. அதே ஆட்டத்தில் லீட்ஸ் அணியின் ராப் பர்ரோ குள்ளமான உருவத்தோடு எட்டு முறை இறுதிப்போட்டியில் வாகை சூடினார். 2017இல் ஓய்வு பெற்ற அவரை 2019இல் நரம்பணுக்களைச் சிதைக்கும் கொடிய நோய் பற்றியது. பேச்சும் நடையும் போயின. 2023ஆம் ஆண்டு மே மாதம் லீட்ஸ் நகர மாரத்தானில், அவருடைய முன்னாள் அணித்தலைவர் கெவின் சின்ஃபீல்ட் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தொலைவும் தள்ளிச் சென்று, எல்லைக்கோட்டருகே கைகளில் தூக்கிக் கடந்தார். 2024 ஜூன் 2 அன்று பர்ரோ தம் 41ஆம் வயதில் மறைந்தார். கோப்பைகளை விட அந்த ஒரு காட்சியே விளையாட்டின் பொருளை நமக்குக் கற்பிக்கிறது. வென்றவனைத் தோளில் தூக்குவோர் பலர் இருப்பர். இனி ஒருபோதும் வெல்ல இயலாதவனைத் தூக்குவதற்கு அன்பு வேண்டும்.

இப்போது நம் பங்குகளைப் பார்ப்போம். பாதுகாவலர் திருவிழாவை ஒட்டிக் கபடிப் போட்டி நடத்துவது நம்மிடையே வழக்கம். அணிகள் எவ்வாறு அமைகின்றன? தெருவாரியாக அமைகின்றன. தெரு என்பது நம் ஊர்களில் எதைக் குறிக்கும் என்பது யாவரும் அறிந்ததே. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுவதை அது மறைக்கவில்லை. ஆயர்கள் ஏட்டில் எழுதியதை நாம் ஆடுகளத்தில் எழுதலாமே! எல்லாத் தெருப் பிள்ளைகளின் பெயர்களையும் ஒரே பெட்டியில் இட்டுச் சீட்டுக் குலுக்கி அணிகளைப் பிரிக்கலாம். ஓய்வு பெற்ற வீரர்களை அழைத்து, சால்வையோடு அனுப்பிவிடாமல், பயிற்சியாளர்களாக அமர்த்தலாம். பெண்பிள்ளைகளையும் களத்தில் இறக்கலாம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற மகளிர் கபடி அணியின் துணைத்தலைவி சென்னைக் கண்ணகி நகரின் கார்த்திகா என்பதை அவர்களுக்குச் சொல்லலாம்.

இப்படத்தைப் பெரியவர்கள் பார்க்க வேண்டும் என்பது நம் பரிந்துரை. வளரிளம் பிள்ளைகள் பெற்றோரோடு பார்த்து, பின்னர் வீட்டில் அமர்ந்து பேசுவது நலம். கிட்டான் ஊரைவிட்டு வெளியேறி வென்றான். ஊரிலேயே இருந்தும், ஒரு கோப்பையும் வெல்லாமலும், ஒருவன் அச்சமின்றி எல்லாத் தெருக்களிலும் நடக்கும் நாள் ஒன்று வர வேண்டும். அதற்கான உழைப்பை நம் பங்கின் அடுத்த திருவிழாவிலேயே தொடங்குவோம்.