நினைவு அனிச்சைச் செயலாமோ?

நாடோறும் நாம் கற்பதும் கற்றதை நினைப்பதும் அனிச்சைச் செயல்களே, அவற்றிற்கு அறிவுடைப் பொருளொன்று வேண்டப்படாது என்பர் ஒருசாரார். உருசிய அறிஞர் பாவ்லவ் (1849–1936) நாய்க்கு உணவிடுமுன் ஓர் ஓசையை எழுப்பிப் பழக்க, பின்னர் உணவின்றியும் அவ்வோசைக்கே அதன் வாயில் நீர் ஊறக் கண்டார். அமெரிக்க அறிஞர் வாட்சன் முதலாயினோர் 1913-க்குப் பின்னர் இம்முறையை மக்கள் கல்விக்கும் விரித்தனர். சைவ நன்மக்களுட் சிலர் இதனைக் கேட்ட அளவிலே உலகாயதம் எனத் தள்ளுகின்றனர். பெயரிட்டுத் தள்ளுதல் மறுப்பாகாது. அக்கொள்கை எவ்வளவிற்கு மெய், எவ்விடத்துத் தளர்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அதற்குத் தக்க சான்று நம் காவிரிக்கரையிலேயே உண்டு. திருவரங்கத்தில் இராப்பத்து விழாவில் திருவாய்மொழி ஓதப்படுகின்றது. அதன் 1102 பாசுரமும் அந்தாதி. ஒன்றன் ஈறே அடுத்ததன் முதல். சிராப்பள்ளிச் சைவர் போற்றும் காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாவும் அத்தகையனவே. (வைணவ நூலை ஈண்டு எடுத்தாண்டது என்னையெனின், நெட்டுருவிற்குச் சமய வேற்றுமை இல்லை என்க.) ஈற்றுச்சொல் பாவ்லவ் எழுப்பிய ஓசைபோல நின்று, அடுத்த பாட்டை நாவிற்குக் கொணர்கின்றது. ஓதுவார் மனம் வேறிடம் சென்றுழியும் நாத் தவறாது செல்லுதல் யாவரும் அறிந்ததே. இதனை அனிச்சை எனக் கொள்வதால் நமக்கு இழுக்கொன்றுமில்லை. நாவும் செவியும் மட்டுமன்றி அந்தக்கரணங்களும் ஆன்மாவின் வேறாய சடமே என்பது சித்தாந்தத் துணிபாகலின்.

ஆயின், ஒத்த தொடர் இரண்டு பதிகங்களில் வருமிடத்து ஓதுவார் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவிவிடுதலும், அதனை உணர்ந்து மீளுதலும் உண்டு. தாவியது பழக்கம். தாவினேன் என உணர்ந்தது யாது? அதுவும் வேறோர் அனிச்சைச் செயலே எனின், தன் செயலைத் தானே பிழையென அறிதலையும் அச்சொல்லுள் அடக்கியவாறாம். அங்ஙனம் அடக்கவே, அச்சொல் தன் வரையறையை இழந்து வெறும் பெயராய் ஒழியும். அமெரிக்க அறிஞர் லாஷ்லி 1951-இல், இசைக்கருவி வாசிப்போர் விரல்களின் விரைவை எடுத்துக்காட்டி, ஓரசைவு அடுத்த அசைவைத் தூண்டுதற்குப் போதிய காலம் அங்கில்லை என்றும், வரிசை முழுதும் முன்னரே உள்ளே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்றும் வாதித்தார். அவர் ஆன்மவாதி அல்லர் என்பது நினைக்கத்தக்கது.

இனி, இருபாலாரும் எண்ணவேண்டிய செய்தியொன்று உண்டு. 1953-இல் ஹென்றி மோலைசன் என்னும் அமெரிக்கருக்கு வலிப்பு நோய் தீர்த்தற்பொருட்டு மூளையின் இருபக்கத்தும் ஒரு கூறு நீக்கப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நில்லாதாயிற்று. கண்ணாடியில் நோக்கி விண்மீன் வடிவைக் கோடு பிறழாது வரையுமாறு அவரைப் பழக்கியபோது, மூன்று நாளில் கை தேர்ந்தது. முன்பு அதனைச் செய்தமை மட்டும் அவருக்குச் சிறிதும் நினைவில்லை. பிரெண்டா மில்னர் 1962-இல் இதனை வெளியிட்டார். பழக்கம் வேறு, நினைவு வேறு என்பது இதனால் இனிது விளங்கும். இரண்டையும் ஒன்றாக்குவார் கூற்று இங்கே நில்லாது.

மூளைக்கூறு நீங்க நினைவும் நீங்கிற்றே, ஆன்மா யாண்டுப் போயிற்று எனின், கருவியின்றி உயிர் அறியாது என்பதே நம் கொள்கை. உறக்கமே அதற்குக் கரி. ஆகவே இந்நிகழ்ச்சி சித்தாந்தத்திற்கு ஊறு செய்யாது. ஊறு செய்யாமை வேறு, நிலைநாட்டுதல் வேறு. இதனை ஆன்ம உண்மைக்குச் சான்றாகக் காட்டுவாரும், மூளையே சித்தம் என எழுதுவாரும் அவசரப்படுகின்றனர்.

அறிவிக்க அறிதல் உயிரின் இயல்பென்பது சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தால் பெறப்படும். பொருளுணர்த்தாது ஒலியை மட்டும் அடுக்கிப் பாராயணம் கற்பிக்கும் ஆசிரியர், தாம் அறியாமலே பாவ்லவ் பக்கத்திற்குச் சான்று தேடித் தருகின்றனர். யாம் மடத்திற் பயின்ற நாளில், அந்தாதியின் இடையே ஒரு பாட்டின் கருத்தை ஆசிரியர் தம் சொல்லால் கூறுவர். முந்தைய ஈற்றைக் கேளாமலே அப்பாட்டை யாம் எடுத்து ஓதவேண்டும். அவர் கூறிய சொற்கள் ஒவ்வொரு நாளும் புதியன.