ஹவுசிங்கை யார் பார்ப்பது?

கான்டெஸா, 118என்இ, பழைய மஹிந்திரா ஜீப் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளை வேகத்துக்காக மாற்றிக் கட்டுகிறவர்களிடம் ஒரு வரிசை ஊன்றிவிட்டது. முதலில் எஞ்சின், அடுத்து எல்எஸ்டி எனப்படும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரென்ஷியல். இவற்றைத் தாங்கும் பின் அச்சின் கூடான ஹவுசிங்கை உடைந்தால் பார்த்துக்கொள்ளலாம். எல்எஸ்டி வாங்க வசதியில்லாதவர்கள் டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுகிறார்கள். அதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சென்னையின் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றி லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லை, எது போனாலும் செய்துகொள்ளலாம் என்பது இந்த வரிசைக்குச் சொல்லப்படும் நியாயம். கைத்தொழில் வளம் உண்மைதான். ஆனால் அந்த வளத்தை நம்பி வேலையைத் தலைகீழாகச் செய்ய முடியாது.

எல்எஸ்டியின் பயனை நான் மறுக்கவில்லை. ஒரே கட்டையாக வரும் பின் அச்சில் புரொப்பல்லர் ஷாஃப்டின் டார்க் ஒரு பக்கச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். அந்தச் சக்கரம் வழுக்கிச் சுழன்றால் சாதாரண டிஃப்ரென்ஷியல் அடுத்த சக்கரத்துக்கும் அதே அளவு டார்க்கைத்தான் கொடுக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் வளைவை விட்டு வெளியே வரும்போது இந்த நஷ்டம் கண்கூடு. இதைக் குறைக்கும் எல்எஸ்டிகளில் கிளட்ச் தட்டு வகையை ராம்ப் கோணம் மாற்றி நம் இஷ்டத்துக்கு அமைத்துக்கொள்ளலாம். கியர்களாலேயே இயங்கும் டோர்சன் வகை சத்தமில்லாமல் உழைக்கும், ஆனால் ஒரு சக்கரம் முழுதாக அந்தரத்தில் நின்றால் கைவிட்டுவிடும். எதை வாங்குவது என்ற விவாதத்துக்கு இதற்கு மேல் இடம் தேவையில்லை. வாங்கியதை எதற்குள் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 நியூட்டன் மீட்டர் டார்க் தரும் எஞ்சின், முதல் கியர் விகிதம் 3.5, கிரவுன் பினியன் விகிதம் 4 என்றால் பின் அச்சுக்கு வந்து சேர்வது 2,800. இடது டயர் மண்ணில் நிற்கிறது, அது 500-ஐத்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிஃப்ரென்ஷியலில் வலது பக்கமும் 500-ஐத் தாண்டாது. மொத்தம் 1,000, மீதி எஞ்சின் உறுமலாகப் போய்விடும். மூன்றுக்கு ஒன்று என்று பகிரும் எல்எஸ்டியில் வலது ஷாஃப்டுக்கு 1,500, மொத்தம் 2,000. வெல்டிங் வைத்துப் பூட்டிவிட்டால், வலது டயர் பிடித்துக்கொள்ளும் பட்சத்தில், அந்த ஒரே ஷாஃப்டுக்கு 2,300, மொத்தம் 2,800. சக்கரங்களுக்குப் போகும் இந்த மொத்த டார்க்கும் எதிர்த்திசையில் ஹவுசிங்கைத் திருகுகிறது. ஆக, எஞ்சினை ஒரு குதிரைத்திறன்கூட ஏற்றாமல், டிஃப்ரென்ஷியலை மட்டும் மாற்றியதாலேயே ஹவுசிங்கின் சுமை இரண்டு மடங்கு, ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது. வழுக்கிச் சுழன்ற அந்தச் சக்கரம் இத்தனை நாளும் ஒரு ஃபியூஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, கம்பியின் தடிமனை யாரும் பார்க்கவில்லை.

ஹவுசிங் ஒரே நாளில் உடைந்தால்கூடத் தேவலை. அது நெளிகிறது, நெளிவது வெளியே தெரிவதில்லை. டார்க் ஏற ஏற, பினியனும் கிரவுன் வீலும் ஒன்றையொன்று தள்ளி விலகப் பார்க்கும். பல்லுக்குப் பல் இருக்கவேண்டிய இடைவெளியே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். பல்லில் மஞ்சள் பேஸ்ட் தடவிச் சுற்றிப் பார்த்தால், சரியாகப் பொருத்திய செட்டில் பதிவு பல்லின் நடுவில் விழும். ஆனால் அது மேஜைமேல் சுமையில்லாமல் எடுத்த பதிவு. சுமை ஏறி ஹவுசிங் விரிந்ததும் தொடுமிடம் பல்லின் ஓரத்துக்கு ஓடிவிடும். பல்லின் ஓரம் பொரிந்து உதிர்கிறது, பழியை ‘மட்டமான கிரவுன் பினியன்’ சுமக்கிறது. டியூப் வளைந்தாலோ, ஷாஃப்டின் ஸ்பிளைன் கோணலாக நின்று எல்எஸ்டியின் சைடு கியரை அரிக்கும், ஆயில் சீல் கசியும், பின்சக்கரங்கள் நேராக ஓடாமல் டயரைத் தின்னும். விலை கொடுத்து வரவழைத்த எல்எஸ்டியை மட்டம் என்று திட்டும் இடங்களில், அது உட்கார்ந்திருந்த வீட்டின் சுவர் சாய்ந்திருந்ததா என்று யாரும் அளப்பதில்லை. ஹவுசிங் வகைக்கு வகை இந்தப் பலவீனம் வேறுபடும். அம்பாசடரில் இருப்பதைப் போன்ற பேஞ்சோ வகையில் டிஃப்ரென்ஷியல் தொகுதியை முன்பக்கமாக அப்படியே கழற்றலாம். டேனா 44-ஐப் போன்ற சாலிஸ்பரி வகையில் வார்ப்பு நடுப்பெட்டியே பேரிங்கைத் தாங்குகிறது. அதில் அழுத்திச் செருகி வெல்டிங் வைத்த டியூப், முரட்டு கிளட்ச் அடியில் பெட்டிக்குள்ளேயே திரும்பிவிடுவதுண்டு. இதையெல்லாம் பார்க்காமல் ‘எந்த பிராண்ட் எல்எஸ்டி?’ என்பதில் தொடங்கும் பேச்சு பாதி வேலையைக்கூடத் தொடுவதில்லை.

பட்டை வைத்து வெல்டிங் செய்து ஹவுசிங்கைப் பலப்படுத்துகிறோமே என்பார்கள். ஜிக்கில் இறுக்கிக் கட்டாமல் வைத்த வெல்டிங், ஆறும்போது சுருங்கி டியூப்பைத் தன் பக்கம் இழுக்கும். முன்கூட்டிச் சூடேற்றாத வார்ப்பில் வைத்தால் விரிசல் விடும். நிமிர்த்தி மறுபடி அளக்காதவரை அது பலப்படுத்தல் அல்ல, புதுக் கோணல். மஹிந்திராவே 2020 தாரில் பூட்டும் டிஃப்ரென்ஷியல் கொடுத்ததே என்றும் கேட்கலாம். அது ஈட்டன் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஒரு சக்கரம் தனியாகச் சுழலும்போது தானாகப் பூட்டும், மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் பூட்டாது. அந்த அச்சும் அதோடு சேர்த்தே தீர்மானிக்கப்பட்டது. எந்நேரமும் பூட்டியே கிடக்கும் ஸ்பைடர் கியரோடு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. கனத்த ஹவுசிங் ஸ்பிரிங்குக்குக் கீழே எடையைக் கூட்டி, குண்டும் குழியுமான சாலையில் டயரைத் துள்ள வைக்கும் என்பது மட்டும் நியாயமான ஆட்சேபம். ஆனாலும், நெளிகிற அச்சின் துள்ளலைவிட நெளியாத அச்சின் துள்ளலை ஷாக் அப்சார்பரால் அடக்குவது எளிது.

சென்னைக்கு இது புதுப் பாடமும் அல்ல. வண்டலூரில் ஹெரால்டு காரைத் தயாரித்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம், 1972-இல் கேஸல் காரைக் கொண்டுவந்தபோது அதே 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு, ஹெரால்டில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும் ஸ்விங் ஆக்சிலைத்தான் கைவிட்டு, ஒரே கட்டையான முழு அச்சுக்கு மாறியது. பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் ஆக்சில்ஸ் இந்தியா என்ற நிறுவனம் கனரக வண்டிகளின் ஆக்சில் ஹவுசிங்கைச் செய்வதையே தொழிலாக வைத்திருக்கிறது. ஹவுசிங் ஒரு தனித் தொழில் என்பதை இந்த வட்டாரமே காட்டிக்கொண்டிருக்கும்போது, மாற்றிக் கட்டும் பட்டறைகள் மட்டும் அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடுக்கும் பொருளாக நடத்துவதை ஒப்புக்கொள்ள முடியாது. இரு முனை பேரிங் துளைகளிலும் வளையம் பொருத்தி, நேரான கம்பி ஒன்றை ஹவுசிங்குக்குள் தடையில்லாமல் செலுத்த முடிகிறதா என்று பார்ப்பது எந்த லேத் பட்டறைக்கும் கைவந்த வேலை. வண்டியை இறக்கிய பிறகு, பின்சக்கரங்களின் டோ அளவை அலைன்மென்ட் மெஷினில் எடுத்துவிடலாம். இந்த இரண்டு அளவையும் தாளில் எழுதிக் கையில் கொடுக்காத பட்டறை, எத்தனை பெரிய பிராண்ட் எல்எஸ்டியை வைத்திருந்தாலும், அதனிடம் பின் அச்சு வேலையைக் கொடுக்கக் கூடாது.